விதைக்கடலை உரிக்க ஒரு கைமிஷின்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மல்லாட்டைதான் போடுகிறோம் (வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்று படித்துக்கொள்ளலாம்). விதைக்கு இன்றும் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து கையால்தான் உரிக்கிறார்கள். விரல் நுனி புண்ணாகிவிடும். மிஷினில் கொடுத்தால் சீக்கிரம் முடியும், சரி. ஆனால் பருப்பு பிளந்தோ சிவப்புத் தோல் உரிந்தோ வந்தால் விதைக்கு ஆகாது. உடையாமல் இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்து உரிப்பவர்களும் உண்டு. அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும்.

ஜாக் பிராண்டிஸ் என்பவர் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுப் பெண்கள் கடலை உரிக்கப் படும் பாட்டைப் பார்த்து, கான்கிரீட்டில் வார்த்த ஒரு கைமிஷினைச் செய்தார். வெளியே ஒரு கூடு, உள்ளே சுழலும் கூம்பு. நடுவிலுள்ள இடைவெளி கீழே போகப்போகக் குறுகும். பெரிய காய் மேலேயும் சின்னக் காய் கீழேயும் உடையும். கரண்ட் வேண்டாம்; நம் ஊர்க் கொத்தனாரே வார்த்துவிடுவார்.

ஜவ்வாது மலைச் சாமைக்கு இது உதவாது. அது பொடி மணி, உமி கெட்டி. அதற்கு வேறு யோசனை வேண்டும்.

வேலூரைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இந்தக் கடலை மிஷினை எடுக்கலாமே? படம் வரையும் முன் ஒரு நாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து உரித்துப் பார்க்கட்டும். கேழ்வரகுக் கூழ் எங்கள் செலவு.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
அணைக்கட்டு.