உப்புக்காற்றில் நீராவி இன்ஜினை நிறுத்துமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டதிலிருந்து, மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல ரயில்பாதை) காலத்தின் நினைவாக நீராவி இன்ஜின் ஒன்றை மண்டபத்திலோ ராமேசுவரத்திலோ காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அடிக்கடி எழுகிறது. அந்த ஆசை எனக்கும் உண்டு. 1914-இல் பழைய பாலம் திறக்கப்பட்ட பின் தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலுமாக மக்கள் போய்வந்த காலத்தில், 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போகும் வரை, இந்தத் தடத்தில் உழைத்தவை கரி இன்ஜின்களே. 2007-இல் பாதை அகலமானதோடு மீட்டர் கேஜ் தண்டவாளமும் போய்விட்ட நிலையில், அந்தக் காலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட எங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை.

ஆனாலும், இன்ஜின் வருவதற்கு முன் கூரை வர வேண்டும். திறந்தவெளியில் நிறுத்துவதாக இருந்தால் கொண்டுவராமல் இருப்பதே நல்லது என்பேன்.

இக்கடற்கரையின் காற்று இரும்பை என்ன செய்யும் என்பது இங்கு வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் தெரியும். உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு சோதனை மையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் ரயில் நிலையம் ஒன்றின் வாசலில் நிற்கும் பழைய இன்ஜினை அண்மையில் அருகில் சென்று பார்த்தேன். தூரத்திலிருந்து கறுப்பும் சிவப்புமாகப் பளபளத்தது. கொதிகலனுக்கு முன்னால் புகை வந்து சேரும் புகைப்பெட்டியின் கதவுக்கு அடியில் பெயின்ட் கொப்புளித்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தியதும், தகடு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. துருவைச் சுரண்டாமலே ஆண்டுதோறும் அதன் மேல் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். அது கடலுக்கு வெகுதொலைவில் உள்ள ஊர்; எங்கள் ஊரில் அந்த இன்ஜின் எத்தனை காலம் தாங்கும்?

நீராவி இன்ஜின் உள்ளிருந்தே கெடும். மூடப்படாத புகைபோக்கி வழியே இறங்கும் மழைநீர், புகைப்பெட்டியில் கிடக்கும் பழைய சாம்பலோடு சேர்ந்து அமிலமாகி அடித்தகட்டைத் தின்கிறது. கொதிகலனைச் சுற்றியுள்ள மேல்தகட்டுக்குள் வெப்பம் வெளியேறாமலிருக்க வைத்த பொதி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், வெளியே தெரியாமலே கொதிகலன் அரிக்கப்படுகிறது. பழைய இன்ஜின்கள் பலவற்றில் இந்தப் பொதி, நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்பதால், தகுந்த பாதுகாப்போடு அதை அகற்றிய பிறகே பொதுமக்களை அருகில் விட வேண்டும். சாம்பலை முழுவதும் அள்ளி, கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் பெட்டியின் அடியில் நீர் தேங்காமல் துளையிட்டு, புகைபோக்கிக்கு மூடி போட்டு, பிஸ்டன் தண்டுகளுக்கும் இணைப்புத் தண்டுகளுக்கும் தவறாமல் கிரீஸ் தடவ ஓர் ஆளையும் நியமிக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, பீடம் கட்டித் திறப்பு விழா நடத்த ஆகும் செலவை விடப் பெரிதாக இருக்கும் என நான் நினைக்கவில்லை.

இந்த வேலை தெரிந்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். 1855-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, நெடுங்காலம் வெறும் காட்சிப்பொருளாக நின்ற இ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 இன்ஜினை 2010-இல் மீண்டும் ஓடவைத்தது பெரம்பூர் லோகோ பணிமனைதான். நீலகிரி மலைப்பாதைக்குப் புதிய நீராவி இன்ஜின்களையே செய்து தந்தது திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை. அவர்களில் அனுபவமுள்ள ஒருவர் இங்கு வந்து இடத்தைப் பார்த்துச் சொல்லட்டும். காரைக்குடி ஆராய்ச்சி நிலையத்தாரிடம் பூச்சுக்கு ஆலோசனை கேட்கட்டும். தென்னக மீட்டர் கேஜ் தடங்களில் பயணிகள் ரயில்களை இழுத்த ஒய்.பி. வகையில் ஒன்று கிடைத்தால் மிகப் பொருத்தமாக இருக்கும்.

பக்கச்சுவரும் கூரையும் கொண்ட கொட்டகை கட்ட இங்கு நிதியோ நிலமோ கிடைக்கவில்லையென்றால், உப்புக்காற்று அவ்வளவாக எட்டாத மானாமதுரை சந்திப்பில் அந்த இன்ஜினை நிறுத்துமாறு ரயில்வே நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ராமேசுவரம் செல்லும் ரயில்கள் அவ்வழியேதான் வருகின்றன. நாங்கள் அங்கு போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.