நடந்தால் அண்டாத நோயா இது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். "சோம்பலை விட்டுத் தினமும் நடந்தால் மோட்டார் நியூரான் நோய்கூட அண்டாது" என்று ஞாயிறு இணைப்பில் அச்சிட்டிருந்தீர்கள். படித்ததும் வயிறு எரிந்தது.

அந்த நோய்தான் என் கணவருக்கு. காசிமேட்டில் கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுப்பவர் அவர். துறைமுகத்துக்கு நடந்தே போய் நடந்தே வந்தவர். சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதலில் வலது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்தது. போட்ட முடிச்சு இறுகவில்லை. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியதாயிற்று. வலியில்லை, மரத்துப்போகவும் இல்லை; அதனாலேயே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கை ஓய்வாக இருக்கும்போதும் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசை துடிக்கும். பிறகு பாதம் தூக்க வராமல் வாசற்படி தடுக்கியது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார் ஒரு மருத்துவர்; சத்துக்குறைவு என்று ஊசி போட்டார் இன்னொருவர். நாக்கு குழறியதும் குடித்திருக்கிறார் என்றது தெரு. குடியைத் தொடாத மனிதர் ஐயா அவர்! இப்போது சோற்றைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் புரையேறுகிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. புத்தி மட்டும் துளியும் மங்கவில்லை. உங்கள் கட்டுரையை அவரும் படித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூளையிலும் தண்டுவடத்திலும் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் இது. பெரும்பாலோருக்குக் காரணமே தெரிவதில்லை. ரிலுசோல் மாத்திரை வேகத்தைச் சற்றுக் குறைக்கும், குணமாக்காது. நோய் தொடங்கியபின் பலருக்கு ஆயுள் 3 முதல் 5 ஆண்டுதான். 21 வயதில் இதே நோய் தெரிந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 76 வயது வரை இருந்தது அபூர்வம். இளவயதில் தொடங்கி, செவித்திறனையும் பறித்து, மெதுவாக முற்றும் ஒரு வகைக்கு மருத்துவ உலகில் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர். 1970இல் இந்த ஊர் மருத்துவர்கள் எழுதி வைத்தது. சென்னையில் பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் நரம்புக்கு லேகிய விளம்பரம். அதற்கு இடமிருக்கிறது. சக்கர நாற்காலி போக முடியாமல் எங்கள் நடைபாதை உடைந்து கிடப்பதை முன்பே எழுதினேன், அதற்கு இடமில்லை. வடசென்னை என்றால் வெட்டுக்குத்தும் மழைவெள்ளமும் மட்டும்தானா உங்களுக்கு?

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நாலு வரி திருத்தம் போடுங்கள். வலியில்லாமல் கை மெலிந்தாலோ, கால் தடுக்கினாலோ, பேச்சு குழறினாலோ நரம்பியல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, காசிமேடு