பிரிண்டருக்காக ஃபயர்வாலை அணைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிண்டர் அடுத்த கணினியில் தெரியவில்லை, டேலி (கணக்கு மென்பொருள்) ஃபோல்டர் திறக்கவில்லை என்று ஆள் கூப்பிட்டால், வருபவர்களில் பலர் முதலில் கைவைப்பது, வெளியிலிருந்து கணினிக்குள் வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவலான விண்டோஸ் ஃபயர்வாலில்தான். அணைத்ததும் பிரிண்டர் ஓடும், அவரும் காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதைத் திரும்பப் போட யாருக்கும் நினைவிருக்காது. யூடியூபிலும் இதே வைத்தியம்தான் சொல்கிறார்கள்.

பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். வீட்டு வைஃபையை விண்டோஸ் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டிருக்கும். ரயில் நிலைய வைஃபைக்குப் பொருந்தும் கெடுபிடியை வீட்டிலும் காட்டும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய், உங்கள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸில் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் ஃபயர்வாலைத் திறந்து, இடப்பக்கம் 'அலவ் ஆன் ஆப்' என்று தொடங்கும் வரியை அழுத்துங்கள். 'சேஞ்ச் செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்தாதவரை பட்டியல் மங்கலாகவே இருக்கும். 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' வரியில் பிரைவேட் கட்டத்தில் மட்டும் டிக் போதும். பப்ளிக் கட்டத்தைத் தொட வேண்டாம். பகிர்ந்து வைத்த டேலி ஃபோல்டருக்கும் இதே டிக்தான்.

அப்படியும் ஒரு மென்பொருள் அடம்பிடித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். முதல்முறை ஓடியபோது ஃபயர்வால் அனுமதி கேட்டிருக்கும். பயந்துபோய் 'கேன்சல்' கொடுத்திருப்பீர்கள். அந்த நொடியே அதன் பெயரில் டிசிபி, யுடிபி என்ற இரண்டு இணைப்பு முறைகளுக்கும் தலா ஒன்று எனத் தடை விதிகள் எழுதப்பட்டுவிடும். பிறகு எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் பலிக்காது. தடையும் அனுமதியும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். ரன் பெட்டியில் wf.msc என்று தட்டி ஃபயர்வாலின் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலில் அந்த மென்பொருளின் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி உள்ள விதிகளை அழியுங்கள். இது தெரியாததால்தான் பலர் ஃபயர்வாலையே அணைத்துவிடுகிறார்கள்.

'ரவுட்டர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?' என்பார்கள். பாதி சரி. ஐபிவி4 என்ற பழைய இணைய முகவரி முறையில், பல கணினிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் ரவுட்டரின் நாட் (NAT) வசதி வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புகளை நிறுத்திவிடும். ஐபிவி6 என்ற புதிய முறையில் பொதுவாக ஒவ்வொரு கணினிக்கும் நேரடி முகவரியே கிடைக்கிறது. அங்கே நாட் காவல் இல்லை, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் போட்டிருந்தால்தான் உண்டு. வீட்டுக்குள்ளேயே இருக்கும் மலிவு விலை கேமராவோ, வைரஸ் ஏறிய லேப்டாப்போ தாக்கினால் ரவுட்டர் தலையிடாது. 2017 மே 12-ல் கிளம்பிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ், ஃபைல் ஷேரிங்குக்கான 445-ஆம் போர்ட் (கணினிக்குள் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. பிரைவேட்டில் டிக் போட்டால் 445 வீட்டு நெட்வொர்க்குக்குத் திறக்கும் என்பதால் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

ஃபயர்வாலால் முடியாததும் உண்டு. விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பு அமைப்பு, வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுக்கும், உள்ளிருந்து வெளியே போவதை விட்டுவிடும். 'இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று குறுஞ்செய்தி அனுப்புகிறவன் சொன்ன ரிமோட் ஆப்பை (தொலைவிலிருந்து கணினியை இயக்கவிடும் ஆப்) நீங்களே நிறுவி, அது காட்டும் எண்ணையும் சொன்னால், அந்த இணைப்பு உங்கள் கணினியிலிருந்துதான் கிளம்புகிறது. ஃபயர்வால் ஏன் என்று கேட்காது.

சர்வீஸ் செய்யும் நண்பர்களுக்கு ஒன்று. சோதனைக்காக ஒரு நிமிடம் அணைத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதைவிட உருப்படியான வழி இருக்கிறது. அதே wf.msc பகுதியில் உள்ள ஃபயர்வால் பிராப்பர்ட்டீஸில், பிரைவேட் தாவலின் லாகிங் பகுதியில் 'லாக் டிராப்டு பாக்கெட்ஸ்' (தடுத்தவற்றைப் பதிவு செய்வது) என்பதற்கு 'யெஸ்' கொடுங்கள். வழக்கமாக அது 'நோ'வில் இருக்கும். பிரிண்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு லாக் ஃபைலைத் திறந்தால், 'டிராப்' என்ற வரியில் எந்த முகவரி எந்தப் போர்ட்டைத் தட்டியது என்று இருக்கும். அந்த ஒரு போர்ட்டை, பிரைவேட்டுக்கு மட்டும், 'லோக்கல் சப்நெட்' (அதே நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் மட்டும்) வரம்போடு திறந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் துறை வாசகர்,
மதுரை