உலையில் மாறிப்போன தூள்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உலையில் வைத்த டைட்டானியம் ஆக்ஸிஃபுளோரைடு வெளியே எடுக்கும்போது அனடேஸ் என்ற டைட்டானியம் டை ஆக்ஸைடாகிவிட்டது, மூன்று மாத உழைப்பு வீண் என்று எழுதியிருந்தாய். வீண் இல்லை கண்ணு, அந்தப் பொருளின் குணமே அதுதான்.

ஒவ்வொரு டைட்டானியத்தையும் சுற்றி ஆறு இடம். அவற்றில் ஆக்ஸிஜனும் ஃபுளோரினும் எது எங்கே என்ற ஒழுங்கில்லாமல் கலந்து உட்கார்ந்திருக்கும். இந்தக் கனசதுர அமைப்பை 1955-லேயே கண்டு எழுதிவிட்டார்கள். பெரோவ்ஸ்கைட் என்ற, இதே சாயல் கொண்ட படிக அமைப்பில் பெரிய உலோக அயனி இருக்கிற நடு இடம் இதில் காலி. லித்தியம் நுழைய அது போதும், பேட்டரிக்காரர்கள் இதைத் தேடி வந்தது அதனால்தான். சூடு ஏறினால் ஃபுளோரின் கழன்றுபோகும், காற்றின் ஈரத்திலிருந்து ஆக்ஸிஜன் அந்த இடத்தைப் பிடிக்கும். மாறிய தூளைக் கொட்டிவிடாமல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார். கனசதுர உருவம் அப்படியே நின்று, உள்ளே மட்டும் துளைதுளையாக இருக்கலாம். ஒளி பட்டால் வினையைத் தூண்டும் ஒளிவினையூக்கிக்கு அந்தத் துளைகள் நல்லதுதானே!

அனடேஸின் பட்டை இடைவெளி, அதாவது அதன் எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தரவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். புற ஊதா ஒளிதான் அதற்கு வேலை கொடுக்கும், சூரிய ஒளியில் அது நூற்றில் ஐந்து பங்குகூடத் தேறாது. ஃபுளோரின் சேர்ந்தால் இடைவெளி இன்னும் அகலும் என்றுதான் நாங்கள் படித்தோம். 2018-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஈயமும் டைட்டானியமும் சேர்ந்த ஓர் ஆக்ஸிஃபுளோரைடில் 2.4 எலக்ட்ரான் வோல்ட் காட்டியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே அது ஹைட்ரஜன் தந்தது. ஈயம் நஞ்சுதான், ஆனாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது.

சரி, இப்போது எனக்குத் தூக்கம் வராத விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃபுளோரைடு கரைசலில் அமிலம் சேர்த்து, கண்ணாடி பீக்கரிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் கழுவினால் உட்புறம் பனி படிந்ததுபோல் மங்கல். துணியால் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, கரைசலில் உருவான ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் கண்ணாடியே அரிபட்டிருந்தது. இந்த அமிலம் தோலில் பட்டால் சில நேரம் உடனே வலிக்காது, மணிக்கணக்கில் கழித்து உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும். டெஃப்லான் பாத்திரம் மட்டும் பயன்படுத்து. உலையையும் ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்குள் வை, கழன்றுவரும் ஃபுளோரின் அமில ஆவியாகத்தான் வரும். இரவில் தனியாக இந்த வேலை வேண்டாம்.

இந்த அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு உன் ஆய்வகத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது, அதன் காலாவதித் தேதி என்ன என்று பார்த்து நாளைக்கே எழுது.

அன்புடன்,
அம்மா