ஆட்சேபம் சொல்லும் உரிமையைச் சுருக்க வேண்டாம்: கானாடுகாத்தான் வட்டாரக் குடியிருப்போரின் கோரிக்கை மனு

அனுப்புநர்
கானாடுகாத்தான் வட்டாரக் குடியிருப்போர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.
(வழி: மாவட்ட ஆட்சியர், சிவகங்கை)

பொருள்: தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 – உத்தேசத் திருத்தங்கள் – குடியிருப்போரின் ஆட்சேப உரிமையைக் குறைக்காதிருக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கட்டட அனுமதி சீக்கிரம் கிடைப்பதை நாங்கள் வரவேற்கிறோம். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்கு 2024இல் வந்த சுயசான்று முறை (வீடு கட்டுபவரே விதிப்படி கட்டுவதாக உறுதியளித்து இணையவழியே அனுமதி பெறுவது) சாமானியருக்கு நல்லதுதான். ஆனால் இந்தச் சட்டத்தைத் திருத்தும்போது, விரைவு என்ற பெயரில் ஆட்சேபம் சொல்லும் அவகாசத்தில் கைவைக்கக் கூடாது.

இன்றுள்ள சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, முழுமைத் திட்டம் (ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் ‘மாஸ்டர் பிளான்’) தயாரானால் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரவேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் ஆட்சேபம் தரலாம். அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு.

எங்கள் பக்கத்துக்கு அதுவே போதாது. முன்தெருவில் முகப்பும் பின்தெருவில் கொல்லை வாசலுமாக நீளும் ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். பட்டா இன்னமும் பாட்டையா பெயரில் இருக்கும். பங்குக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வீடு திறப்பது கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான். ஊரில் அன்றாடம் வாழ்பவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், கடைக்காரர்கள், ஆத்தங்குடித் தரைக்கல் போடுபவர்கள். இவர்கள் பெயரில் பட்டா இல்லை. நில உரிமையாளர் மட்டுமே ஆட்சேபிக்கலாம் என்று ஒரு வரி மாறினாலும் ஊரில் இருப்பவர் யாருக்கும் வாய் இருக்காது.

ஊருணி விஷயம் இன்னும் முக்கியம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. பெய்த மழை தெருச் சரிவில் இறங்கி, வரத்துக்கால் வழியே ஊருணிக்குப் போகும்படி முன்னோர் ஊரை அமைத்தார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருப்பதற்கு மாளிகைகளோடு இந்த நீரமைப்பும் ஒரு காரணம். ஆனால் வரத்துக்கால் பார்வைக்கு வெறும் பள்ளம். எங்கள் பக்கத்தில் ஒரு மனைப்பிரிவுக்காக அப்படியொரு பள்ளத்தில் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி, கல் நட்டு, கொடி கட்டிவிட்டார்கள். மழை வந்து, ஊருணிக்குப் போகவேண்டிய தண்ணீர் தெருவில் நின்றபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அனுமதி தருவதற்கு முன் ஊரில் ஒருவரைக் கேட்டிருந்தால் எந்த வழியாகத் தண்ணீர் வரும் என்று கையைக் காட்டியிருப்பார்.

ஆகவே, எந்தத் திருத்தம் வந்தாலும் இரண்டு மாத அவகாசமும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் எவரும் ஆட்சேபிக்கும் உரிமையும் அப்படியே இருக்க வேண்டும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருமுன் புல எண்ணோடு தெருப்பெயரும் ஊருணிப்பெயரும் போட்ட தமிழ் அறிவிப்பைப் பேரூராட்சி அலுவலகத்திலும் அந்த இடத்திலும் ஒட்ட வேண்டும். வெளியூர்ப் பங்காளிகள் இணையவழி ஆட்சேபம் அனுப்ப வழி வேண்டும். ஆட்சேபத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். திருத்த வரைவைச் சட்டமன்றத்தில் வைக்குமுன் காரைக்குடியில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துமாறும் பணிவன்புடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் வட்டாரக் குடியிருப்போர்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், வரத்துக்கால் படங்கள்