பலூன் இளைக்காத நாள்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளும் வேதியியலே எடுத்திருக்கிறாளாமே! அப்பன் பட்ட பாட்டைச் சொல்லவில்லையா நீ?

எம்.எஸ்சி. படித்தபோது பல்லேடியம்-கார்பன் வினையூக்கியை (பல்லேடியம் உலோகம் ஏற்றிய கரித்தூள்) வடிகட்டிவிட்டு நீ டீ குடிக்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? திரும்பி வருவதற்குள் தாள் காய்ந்து தானாகப் பற்றிக்கொண்டது. ஹைட்ரஜனைக் குடித்த அந்தக் கரித்தூளைக் காயவிடக் கூடாது என்பதை உன் தயவில்தான் கற்றேன்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் வடிகட்டும் வேலையே இல்லை. எங்கள் வினையூக்கிப் பொடியில் நடுவில் மேக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு) துகள், அதன்மேல் சிலிக்கா பூச்சு, பூச்சின்மேல் பல்லேடியம் நானோதுகள்கள். எத்தனாலில் நைட்ரோபென்சீனைக் கரைத்து, இந்தக் கறுப்புப் பொடியில் ஒரு சிட்டிகை போட்டு, குடுவையின் வாயில் ஹைட்ரஜன் பலூனைக் கட்டிவிடுகிறோம். சூடு வேண்டாம், அழுத்தம் வேண்டாம். பலூன் இளைக்க இளைக்க அனிலின் உருவாகிறது. முடிந்ததும் குடுவையின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால், மைபோல் இருந்த கலவை தெளிந்துவிடும். பொடி முழுவதும் கண்ணாடியில் அட்டையாக அப்பிக்கொள்ளும். தெளிவை ஊற்றிவிட்டு, பொடியைக் கழுவி, அடுத்த முறைக்குப் போட வேண்டியதுதான். ஒரே தொல்லை, காந்தக் கலக்கியைப் பயன்படுத்த முடியாது. பொடியெல்லாம் அந்தக் குச்சியிலேயே ஒட்டிக்கொள்ளும்! மேலிருந்து சுழலும் கலக்கிதான்.

போன மாதம் எங்கள் மாணவி, ஒரே பொடியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஐந்து முறையும் 99 சதவீத விளைச்சல் என்று வரைபடம் கொண்டுவந்தாள். ஒரே உயரத்தில் ஐந்து தூண்கள். பார்க்க அழகுதான். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் விட்டாய் என்று கேட்டேன். மூன்று மணி நேரம் என்றாள். புதுப் பொடி 40 நிமிடத்தில் முடிக்கிற வேலை அது. அவ்வளவு நேரம் கொடுத்தால் குற்றுயிராகக் கிடக்கும் வினையூக்கிகூட முழு மதிப்பெண் வாங்கிவிடும். எல்லா முறையும் 15 நிமிடத்தில் நிறுத்தி அளக்கச் சொன்னேன். முதல் முறை பாதி மாறியிருந்தது. ஐந்தாம் முறை அந்த 15 நிமிடத்தில் பலூன் இளைத்ததாகவே தெரியவில்லை; ஊதியபடியே குண்டாக நின்றது. பாவம், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பல்லேடியம் கரைந்து ஓடிவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டோம். வினையின் பாதியில் பொடியைக் காந்தத்தால் இழுத்துவிட்டு, தெளிந்த திரவத்துக்கு மட்டும் புதுப் பலூன் கட்டினோம். வினை நகரவில்லை. திரவத்தை அளந்து பார்த்ததிலும் உலோகம் சொற்பம். மின்னணு நுண்ணோக்கியில்தான் குட்டு வெளிப்பட்டது: மணல்போல் சிதறிக் கிடந்த பல்லேடியம் புள்ளிகள் திட்டுத்திட்டாகத் திரண்டிருந்தன. உலோகம் அங்கேயேதான் இருக்கிறது, வேலை செய்யும் மேற்பரப்பு உள்ளே புதைந்துவிட்டது. இப்போது சிலிக்காமேல் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதிகளை ஏற்றி, புள்ளிகளை நகரவிடாமல் பிடித்துவைக்கப் பார்க்கிறோம்.

வாய்வழி மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்ற கணக்கோடு மல்லுக்கட்டுகிறவன் நீ. உங்கள் மருந்து ஆலையில் பல்லேடியம்-கார்பனைத் திரும்பப் போடுகிறீர்களா, ஒரே தடவையோடு உலோகம் மீட்கிறவர்களிடம் அனுப்பிவிடுகிறீர்களா? மறக்காமல் எழுது. அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முரளி