தத்துப் போகாத நாய்களுக்கு யார் உபயதாரர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்குட்டித் தத்தெடுப்பு முகாம் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. ஒவ்வொரு குட்டியும் யாரோ ஒருவர் மடியில் இருந்தது. முகாம் முடிந்து வேன் திரும்பியபோது அதற்குள் எந்தெந்த நாய்கள் இருந்தன என்பது மட்டும் கட்டுரையில் இல்லை. அவற்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கருவூலத்தில் 31 ஆண்டுகள் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். நாய்ப் பிரியன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. ஊருக்கு வெளியே உள்ள ஒரு நாய்க் காப்பகத்துக்கு மருமகள் ஒருநாள் அழைத்துக்கொண்டு போனாள். அங்கே பேரேடு இருந்த கோலத்தைப் பார்த்தபின் அப்படியே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் வரவு செலவு எழுதிக் கொடுக்கிறேன்.

அங்குள்ள நாய்களில் 23 தத்துப் போகாதவை. குட்டிகளுக்கு ஆள் வருகிறது. வளர்ந்த நாட்டு நாய்க்குக்கூட எப்போதாவது ஒருவர் வருகிறார். இந்த 23-ஐக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். ராசாத்தி என்றொரு நாய் இருந்தது. லாரி ஏறி முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. தானாகச் சிறுநீர் கழிக்க வராது. கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா நாளுக்கு மூன்று நான்கு முறை அதன் அடிவயிற்றை இரண்டு கைகளாலும் மெல்ல அழுத்தி எடுத்துவிட வேண்டும். ஒரு வேளை தவறினால் தொற்று வரும். அது சிறுநீரகம்வரை போகும். ஒரே பக்கமாகப் படுத்தால் புண் வைக்கும். புண்ணில் ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். இதையெல்லாம் செய்ய மனம் உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வேலைக்குப் போகிற ஒருவர் வீட்டில் இது நடக்காது.

இன்னொன்றின் பெயர் வக்கீல். கட்டுமானம் நடந்த இடத்தில் காவலுக்கென்று, கைநீளச் சங்கிலியில், வருடக்கணக்காகக் கட்டிப்போட்டிருந்த நாய். கட்டடம் முடிந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அம்மாவைத் தவிர யார் கை நீட்டினாலும் கடிக்கும். நானும் ஒருமுறை நீட்டி, தடுப்பூசி முழுவதும் போட்டுக்கொண்டேன். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் பிழைத்து, அதன் மிச்சமாகத் தாடையும் ஒரு காலும் ஓயாமல் வெட்டிவெட்டி இழுக்கிற நாய் ஒன்று உண்டு. கண் தெரியாத கிழட்டுப் பொமரேனியன் ஒன்று, அடுக்குமாடிக்குக் குடிபோனவர்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனது.

என் சிறு வயதில் சென்னையில் மாநகராட்சியின் நாய் வண்டி தெருவுக்கு வரும். கம்பிச் சுருக்கில் பிடித்து ஏற்றுவார்கள். ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. 1959-ல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964 முதலே கருத்தடைதான் வழி என்று செய்து காட்டிக்கொண்டிருந்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல். 2001-ல் தெருநாய்க் கருத்தடை விதிகள் வந்து நாடு முழுவதற்கும் அதுவே முறையாயிற்று. இப்போது நடைமுறையில் உள்ள 2023 விதிகளும் தீராத நோய், பிழைக்க முடியாத காயம் என்றால்தான் கருணைக்கொலைக்கு இடம் தருகின்றன. இடுப்பு விழுந்தது என்பதற்காகவோ, வைக்க இடமில்லை என்பதற்காகவோ ஒரு நாயை ஊசி போட்டு முடித்துவிட முடியாது. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. சோறு எந்தக் கணக்கில் வரும் என்பதுதான் கேள்வி. ஆயுள் முழுவதும் வைத்துக் காக்க வேண்டிய நாய்க்கென்று அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வந்த ஒரு ரூபாயைக்கூட எங்கள் பேரேட்டில் நான் வரவு வைத்ததில்லை.

இந்த எண்ணிக்கை இனிக் கூடத்தான் போகிறது. 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7-ஆம் தேதி, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது, காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது. குழந்தையை நாய் கடித்த வீட்டில் போய் இந்த உத்தரவு தவறு என்று வாதாட எனக்குத் துணிவில்லை. ஆனால் காப்பகம் என்ற சொல்லை எழுதிய கையோடு, அங்கே பொங்குகிற அரிசிக்கும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.

மக்கள் கொடுப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேய்பிறை அஷ்டமியன்று எங்கள் வாசலைப் பார்க்க வேண்டும். பைரவரின் வாகனம் என்று, சோதிடர் சொன்ன பரிகாரம் என்று, பிஸ்கட் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இனிப்புப் பால், பன், ஒருமுறை ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல். மறுநாள் கொட்டகை முழுவதும் வயிற்றுப்போக்கு. கழுவுவது அந்த அம்மா. பிறந்தநாள், நினைவுநாள், திருமணநாள் எல்லாம் அப்படித்தான். புரட்டாசியில் ஒரு வாரம் சோறு மிஞ்சியது. ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் குருணையைக் கடனுக்கு வாங்கினோம். இரண்டும் ஒரே பேரேட்டில் அடுத்தடுத்த பக்கங்கள்.

மாதந்தோறும் ஒரு சிறு தொகை, அதே தேதியில், கேட்காமலே வந்து சேர வேண்டும். இதற்கு வெளிநாட்டை உதாரணம் காட்டத் தேவையில்லை. நான் ஸ்ரீரங்கத்தில் வசிப்பவன். எங்கள் பக்கம் கோயிலில் கட்டளை என்று ஒன்று உண்டு. இன்ன நாளுக்கு மாலை, இன்ன வேளைக்குத் தளிகை (பெருமாளுக்குப் படைக்கும் சோறு) என்று ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்கும். அதற்காகப் பெருமாளை வீட்டுக்கு எழுந்தருளச் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டளைதாரரும் கேட்பதில்லை. நாயை வளர்க்க வீட்டில் இடமில்லை, வீட்டுக்காரர் விடமாட்டார், மனைவிக்கு ஒவ்வாமை என்று என்னிடம் வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நாய் காப்பகத்திலேயே இருக்கட்டும், கட்டளை உங்களுடையதாக இருக்கட்டும். எங்கள் கணக்கில் ஒரு நாயின் சோற்றுக்கு மட்டும் நாளுக்கு 30 ரூபாய் ஆகிறது. குருணை, கோழிக் கழுத்து, மஞ்சள் தூள், விறகு. ராசாத்தி போன்றவற்றுக்கு டயப்பர், மருந்து சேர்ந்தால் இரண்டு மடங்கைத் தாண்டும். தனி ஒருவருக்குப் பாரமென்றால் நான்கு பேர் சேர்ந்துகொள்ளலாம். (ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ என்று எழுதிக்கொள்கிற ஊர் நம்முடையது. நாயின் மேல் எழுத முடியாது என்பது ஒரு குறைதான்.)

நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பொறுப்பு நிதியை விலங்கு நலனுக்குச் செலவிடலாம். எங்களிடம் வந்தவர்கள் கட்டடம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அந்த அம்மாவின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு வரவில்லை.

காப்பகங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ராசாத்தி இரண்டு ஆண்டுக்கு முன் ஆடி மாதத்தில் இறந்துபோனது. அதற்கு 11 பேர் மாதாமாதம் பணம் அனுப்பிவந்தார்கள். செய்தி தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, காப்பகத்தை நடத்துகிறவர்கள் பழைய படங்களையே மாற்றி மாற்றி நான்கு மாதம் அனுப்பியிருக்கிறார்கள். டயப்பர் வாங்கிய பில் வரவில்லையே என்று நான் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அன்று நான் போட்ட சத்தத்தில் வக்கீலே குரைப்பதை நிறுத்திவிட்டது. நடத்துகிறவர்களின் வாதம் எனக்குப் புரியாமல் இல்லை: அந்தப் பணத்தில்தான் மற்ற 22-ம் சாப்பிட்டன. ஒரு ரூபாயைக்கூட யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கணக்கு என் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் அது பொய்.

சொல்லப்போனால் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. படத்தில் அழகாக விழுகிற நாய்க்கு 11 பேர் சேர்கிறார்கள். தாடை இழுக்கிற நாய்க்கு ஒருவரும் இல்லை. எல்லாப் பணமும் ஒரே அண்டாவுக்குத்தான் போக முடியும். அதை முதல் நாளே சொல்லிவிடலாம்: நீங்கள் அனுப்புவது இந்த நாயின் பெயரில், உண்பது அனைத்தும், இது இறந்தால் தெரிவிப்போம், வேறொன்றின் பெயருக்கு மாற்ற விரும்புகிறீர்களா என்று கேட்போம்.

அன்று மாலையே 11 பேருக்கும் நான் கடிதம் எழுதினேன். இறந்த தேதி, காரணம், நான்கு மாதமாக நாங்கள் மறைத்தது, அந்தத் தொகை எதற்குச் செலவானது எல்லாவற்றையும் எழுதி, வேண்டுமானால் திருப்பித் தருகிறோம் என்றும் சேர்த்தேன். நான்கு பேர் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் மட்டும் பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தோம். ஆறு பேர் பொமரேனியனுக்கு மாறிக்கொண்டார்கள். மதுரையிலிருந்து எழுதும் ஓர் ஆசிரியை, எந்த நாய்க்கு ஆளில்லையோ அதை என் பெயரில் போடுங்கள், படம் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார். வக்கீலை அவர் பெயரில் போட்டேன். அதைப் படமெடுக்க யாருக்கும் தைரியமும் இல்லை.

உங்கள் இதழில் முகாம் செய்தி போடும்போதெல்லாம், திரும்பிப்போன நாய்களுக்கும் ஓரமாக நான்கு வரி இடம் கொடுங்கள். வாசகர்கள் தங்கள் ஊர்க் காப்பகத்துக்குப் போய்ப் பணம் கொடுப்பதற்கு முன் பேரேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். காட்டத் தயங்கும் இடத்தில் கொடுக்க வேண்டாம். எங்களிடம் தாடை இழுக்கிற நாயின் பெயருக்கு நேரே இன்றைய தேதிவரை பக்கம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூலக் கணக்கர் ஒருவர்,
ஸ்ரீரங்கம்.